இடது கையுறை

ஓஸ்மோ வில்காமாவின் பெட்டிக்கு முன்னால் நின்று
பாதிரியார் சொன்னார்:
"அவர் இப்போது உயர்ந்ததொரு பரிமாணத்தில் இருக்கிறார்."
நாங்கள் பதினொரு பேர் உட்கார்ந்திருந்த பெஞ்சு
ஒரே நேரத்தில் கிறீச்சிட்டது.
கௌகோ இருமினார்.
அது சளி இருமல் இல்லை.

ஓஸ்மோ கேட்டிருந்தால் எழுந்தே நின்றிருப்பார்:
பரிமாணம் என்பது பேய் குடியிருக்கும் மாடி அல்ல ஐயா,
ஏற்கெனவே இருக்கும் மூன்று கோட்டுக்கும்
செங்குத்தாக இன்னொரு கோடு.
அவ்வளவுதான்.

ஔலு நகரில் முப்பத்தோரு வருடம்
லிஃப்ட் பழுது பார்த்தவர்.
"பகலெல்லாம் ஒரே பரிமாணம், மேலே கீழே.
அதற்குச் சம்பளம் தருகிறார்கள்.
ராத்திரி நான்கு.
அதற்கு நான் செலவழிக்கிறேன்."
சமையலறை மேசையில் காந்தம், பசை, எட்டு நிறத்துக் குப்பிகள்.
ரொட்டி வெட்டும் இடம் மட்டும் காலி.

நாளிதழ் "மறைந்தார்" என்று போட்டது.
அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.
நாற்பரிமாணக் கனசதுரத்துக்கு அறைகள் எட்டு.
திரையில் ஏழுதான் தெரியும்.
எட்டாவது, பார்க்கிறவன் முதுகுக்குப் பின்னால்
எங்கோ மறைந்திருக்கும்.
ஒரு திருப்பு, வந்துவிடும்,
ஊதா நிறத்தில், சாவகாசமாக,
எங்கும் போகாதது போல.
எங்கள் ஊர்வழக்கில் மறைவது என்றால் அது.
இது அதில்லை.

மார்ச் மாதச் சனிக்கிழமை
அவர் தங்கை ஹில்க்கா
துயிரா நூலகத்துச் சின்ன அறைக்கு வந்தாள்.
ரொட்டிப் பை ஒன்றை மேசையில் வைத்தாள்.
"இதைக் குப்பையில் போடவா என்று கேட்க வந்தேன்."
உள்ளே பதினாறு துண்டுகள்,
கலைந்தபடி, ஒன்றையொன்று கவ்வியபடி.

"தொடாதே," என்றார் கௌகோ,
"அவர் கை கடைசியாக வைத்த நிலை.
ஆறு பக்கமும் படம் எடுத்துக்கொள்வோம்."
"ஆறு போதாது," என்றாள் உல்பு.
யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தி,
பிறகு எல்லோரும் சிரித்தோம்.
ஹில்க்காவுக்கு மட்டும் புரியவில்லை.
அவளுக்கு விளக்கப் போய்
காப்பி ஆறிவிட்டது.

உல்புதான் அடுக்கினாள், இரண்டு மணி நேரம்.
ஒன்பதாம் வகுப்பில் இவள் முதல் புதிரை முடித்த இரவு
ஃபோனில் அழைத்து
"எத்தனை திருப்பில்?" என்று மட்டும் கேட்டுவிட்டு
வைத்த மனிதர் அவர்.
வாழ்த்தெல்லாம் மறுவாரம் தபாலில் வந்தது,
இன்னும் கடினமான புதிராக.

கடைசித் துண்டு நிற்கவில்லை.
அதில் ஒரு காந்தத்தைத் திருப்பி ஒட்டிவிட்டார்,
வடக்குக்கு எதிரே வடக்கு.
பத்து வருடமாக எல்லோருக்கும் தெரியும்.
சரி செய்யச் சொன்னால்
"அதுக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கட்டும்" என்பார்.
எட்டு நிறமும் தன்தன் இடத்தில் நிற்க
உல்பு அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள்.
கை வலித்தபோது நான் வாங்கிக்கொண்டேன்.
என்னிடமிருந்து கௌகோ.
அவரிடமிருந்து,
எதற்கு என்று கேட்காமலே, ஹில்க்கா.
நூலகம் மூடும் மணி அடித்ததும்
அவள் விரலை எடுத்தாள்.
துண்டு துள்ளி அலமாரிக்கு அடியில் ஓடியது.
துழாவி எடுக்கப் பத்து நிமிடம்.

என் காரில் அவருடைய கையுறை ஒன்று கிடக்கிறது,
ஜனவரியில் விட்டுப்போனது, இடதுகைக்கு.
ஜோடியை அவருக்கு எந்தக் கோட்டோடு உடுத்தினார்களோ.

அவரே ஒருமுறை சொன்னார்:
நான்காவது திசையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால்
இடது வலதாகிவிடும்.
முடியாதவர்கள் உள்ளே வெளியே புரட்டிக்கொள்ளலாம்.
அது ஏழைகளின் நான்காம் பரிமாணம்.

அன்றிரவு மைனஸ் இருபத்திரண்டு.
பாலத்தில் காரை நிறுத்திப் புரட்டினேன்.
வலது கைக்குச் சரியாக இருந்தது.
கம்பளி வெளியே, தையல் வெளியே,
சுண்டுவிரல் நுனியில்
காய்ந்துபோன பசை ஒரு சொட்டு.
இத்தனை நாள் அது உள்பக்கம் இருந்திருக்கிறது.